கிரெக்கின் ஹோம் ரன்

தன் கையால் தன் பெயரையே எழுதிய உறை ஒன்று தபாலில் திரும்பி வருவதைப்போல ஒரு மனிதனைச் சந்தோஷப்படுத்தக்கூடியது வேறெதுவும் இல்லை என்று டுவைன் ஹோஸ்டெட்லர் பலரிடம் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் பெரும்பாலும் பேச்சை மாற்றிவிடுவார்கள். பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், தபால் வண்டி மூலை திரும்பிய கையோடு அவர் தொப்பியைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடிப் பெட்டியைத் திறந்தார். மின்சாரக் கட்டணச் சீட்டுக்கும் மளிகைக்கடை விளம்பரத்துக்கும் நடுவில் அப்படி ஒரு உறை இருந்தது. அரிசோனா முத்திரை. எழுபத்து நான்கு வயது மனிதர் பெட்டிக் கதவைச் சாத்தக்கூட நிற்கவில்லை. உறையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, சமையலறையில் இருந்த மனைவியின் கண்ணில் படாமல், பக்கவாட்டுக் கதவு வழியாக கார் கொட்டகைக்குள் போனார்.

அவருடைய வேலை இதுதான். சம்பளத்துக்குச் செய்த வேலை டிராக்டர் பாகங்கள் செய்யும் ஆலையில். அது முடிந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது. பேஸ்பால் ஆடி ஓய்ந்துபோன கிழவர்களுக்கு அவர்களுடைய பழைய படக் கார்டை அனுப்புவார். கூடவே மரியாதையாக ஒரு கடிதமும், தன் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய இன்னோர் உறையும் வைப்பார். மனமிருந்தால் அவர்கள் கார்டில் கையெழுத்துப் போட்டு அந்த உறையிலேயே திருப்பி அனுப்புவார்கள். மனமில்லாதவர்கள் கார்டையும் தபால்தலையையும் சேர்த்து விழுங்கிவிடுவார்கள். நாடெங்கும் இப்படி எழுதிவிட்டுத் தபால்காரரை மாப்பிள்ளைபோல எதிர்பார்க்கும் ஆட்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களுக்குள் எழுதாத சட்டங்கள் உண்டு. கடிதம் எழுதலாம், வீட்டுக்குப் போன் செய்யக் கூடாது. கைவசம் ஒன்றே ஒன்று இருக்கும் கார்டை ஒருபோதும் அனுப்பக் கூடாது. இழந்தால் தாங்க முடியாத எதையும் தபாலில் சேர்க்கவே கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்தைப் புதிதாக வருகிறவர்களுக்கு விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்ததே டுவைன்தான்.

அவர் சேர்த்தது ஒரே ஒரு அணி. 1983ஆம் வருடத்து அணி, இருபத்தாறு கார்டுகள். அந்த வருடம் அந்த அணி ஒன்றும் கிழித்துவிடவில்லை, கடைசிக்கு முந்தைய இடம். ஆனால் அவருடைய மகன் கிரெக்குக்கு அப்போது ஒன்பது வயது. சனிக்கிழமைதோறும் மருந்துக்கடையில் சூயிங்கம்மோடு வரும் கார்டுப் பொட்டலம் வாங்கி, கம்மை அப்பாவிடம் தள்ளிவிட்டுக் கார்டுகளைத் தரையில் பரப்பி உட்கார்ந்துகொள்வான். அவனுக்குப் பிடித்தவன் லெஸ் பாவ்லிக் என்ற மாற்று கேட்சர், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கிறவன். நூறு ஆட்டத்தில் தொண்ணூறைப் பெஞ்சில் உட்கார்ந்தே கழித்த ஆள். உலகத்தில் லெஸ் பாவ்லிக்குக்கு ஒரே ஒரு ரசிகன் இருந்திருந்தால் அது கிரெக்தான். பையனும் அவனுடைய பள்ளி அணியில் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான் என்பது டுவைனுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

அந்தக் கார்டின் பின்பக்கத்தில், எல்லாக் கார்டுகளிலும் இருப்பதுபோல, ஆட்டக்காரனின் வருடவாரிக் கணக்கு அட்டவணை போட்டிருக்கும். லெஸ் பாவ்லிக்கின் கடைசி வரிக்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அதில் கிரெக் பென்சிலால் தன் வரியைச் சேர்த்திருந்தான். ஜி. ஹோஸ்டெட்லர், 1983, ஆட்டம் பதினொன்று, ஹிட் நான்கு, ஹோம் ரன் ஒன்று. கட்டத்துக்குள் அடங்காமல் ‘ஹோஸ்டெட்லர்’ பாதியில் வளைந்து மேலே ஏறியிருக்கும். அடுத்த ஜூன் மாதம், கோதுமை ஏற்றிய லாரி ஒன்று, சைக்கிளில் சாலையைக் கடந்த அவனை அடித்துப் போட்டது. பத்து வயதும் மூன்று மாதமும்.

மார்ச் பதினான்கு அவன் பிறந்தநாள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் மனைவி நோரீன் கார்டு ஆல்பத்தைத் தொடுவாள். பேஸ்பால் என்றால் அவளுக்கு வேப்பங்காய். காலைக் காப்பிக்குப் பிறகு லெஸ் பாவ்லிக்கைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்பக்கத்தைத் திருப்பி வாசிப்பாள்.

“ஹோம் ரன் ஒண்ணு,” என்பாள்.

“அது ஹோம் ரன்னே இல்ல, நோரீன். பந்தை ரெண்டு பேரு தவறவிட்டானுங்க. எதிராளி தப்பு, எர்ரர்னுதான் நான் ஸ்கோர் நோட்டுல எழுதுனேன்.”

“பையன் நாலு மூலையும் சுத்தி வந்தானா இல்லியா?”

“வந்தான்.”

“அப்பறம் என்ன எர்ரர்? பெத்த புள்ளைக்கே ஓரவஞ்சனை பண்ண ஸ்கோரர் இந்த ஊர்ல நீ ஒருத்தன்தான்.”

முப்பத்தெட்டு வருடமாக இதே சண்டை, இதே வார்த்தைகள். சண்டை முடிந்ததும் அவள் லேசாகச் சிரிப்பாள், கார்டு உறைக்குள் போகும். மகனைப் பற்றி அவர்கள் இருவரும் பேசுவது வருடத்துக்கு அந்த ஐந்து நிமிடம் மட்டும்தான். மீதி நாளில் யாராவது வாயைத் திறந்தால் இருவரில் ஒருவர் எழுந்து வெளியே போய்விடுவார். அந்த ஐந்து நிமிடம் இல்லாவிட்டால் இந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து இருந்திருப்பார்களா என்பதே டுவைனுக்குச் சந்தேகம்.

இருபத்தைந்து பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. எல்லாமே அவர் கூடுதலாகத் தேடிப் பிடித்த கார்டுகளில். கிரெக்கின் சொந்தக் கார்டு ஒன்றுகூட வீட்டைத் தாண்டியதில்லை. லெஸ் பாவ்லிக் மட்டும் மசியவில்லை. ஆட்டத்தை விட்டதிலிருந்து அவன் யாருக்கும் பதில் போட்டதில்லை. டுவைன் அனுப்பிய மூன்று கார்டையும் ஏப்பம் விட்டிருந்தான். ஜனவரியில் ஒரு மத்தியானம், இதே பைத்தியம் பிடித்த நண்பன் ஃபில் யோடர் போனில் கத்தினான்.

“டேய் டுவைன், பாவ்லிக் கையைத் திறந்துட்டான்டா! பக்கவாதம் வந்து பிழைச்சிருக்கான் மனுஷன். கை பழகணும், தெனம் எழுதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். வர்ற கடுதாசிக்கெல்லாம் போட்டுத் தள்றான். பத்தே நாள்ல வருது. சீக்கிரம் அனுப்பு, அடுத்த அடி எப்ப விழுமோ தெரியாது.”

டுவைனின் மேசை இழுப்பறையில் லெஸ் பாவ்லிக்கின் உபரிக் கார்டு இன்னும் இரண்டு கிடந்தன. அவற்றில் ஒன்றை எடுத்து உறையில் வைத்தார். பிறகு வெளியே எடுத்தார். மூன்று நாள் அந்த உறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒன்பது வயதில் கிரெக்கும் இந்த ஆளுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தான். பதில் வருகிறதா என்று கோடை முழுக்கப் பெட்டியடியில் நின்றிருந்தான். வேறு எவனோ வைத்திருந்த கார்டில் கையெழுத்து வாங்கி என்ன ஆகப்போகிறது? பையனின் கார்டில், பையன் எழுதிய வரிக்கு முதுகுப்பக்கம், அந்தப் பெயர் விழ வேண்டும். மார்ச் பதினான்காம் தேதி நோரீன் உருவிப் பார்க்கும்போது அது அங்கே இருக்க வேண்டும். சண்டை போட இன்னொரு விஷயம் கிடைக்கும் என்றுகூட நினைத்தார். நான்காம் நாள் காலையில், ஊருக்கெல்லாம் சட்டம் சொன்ன மனிதர், சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மகனின் கார்டை அட்டைக்குள் வைத்து ஒட்டினார். நோரீனிடம் மூச்சு விடவில்லை.

கடிதத்தில்தான் பிசகியது. இந்தக் கூட்டத்தில் கண்ணீர்க் கடிதம் எழுதுகிறவர்கள் உண்டு. மகனுக்குப் புற்றுநோய், மகளுக்குக் கண் தெரியவில்லை, தாத்தா சாகக் கிடக்கிறார் என்று இல்லாத குடும்பத்தையெல்லாம் சாகடித்து, கையெழுத்து வந்த மறுநாளே இணையத்தில் விற்றுவிடுவார்கள். டுவைனுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. செத்த பிள்ளையைக் காட்டிக் கையெழுத்து கேட்பவன் மனிதனா என்று கூட்டங்களில் எழுந்து நின்று பேசியிருக்கிறார். அதனால் கிரெக் இறந்ததைப் பற்றி எழுத அவர் கை வரவில்லை. பின்பக்கத்து எழுத்தைப் பற்றி எழுதினாலும் அங்கேதான் போய் முடியும். கடைசியில் இரண்டே வரி எழுதினார். ‘என் மகன் கிரெக் உங்கள் ரசிகன். அவனுடைய இந்தக் கார்டில் நீங்கள் கையெழுத்திட்டால் பெரிய சந்தோஷம்.’ படித்துப் பார்த்து, கௌரவமான கடிதம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

கொட்டகையில் விளக்கைப் போட்டு உறையைப் பேனாக்கத்தியால் பிரித்தார். லெஸ் பாவ்லிக் வந்திருந்தான். முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கும் அதே படம். குறுக்கே நீல மையில், நடுங்கி நடுங்கி, ஆனால் முழுசாக ஒரு கையெழுத்து. மேலே ‘கிரெக்குக்கு’ என்று எழுதியிருந்தது. டுவைன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அப்புறம்தான் கார்டின் மூலைகளைப் பார்த்தார். நான்கும் கத்திபோலக் கூராக இருந்தன. கிரெக்கின் கார்டில் ஒரு மூலை மழுங்கியிருக்கும், அவன் அதைப் பல்லால் கடிப்பான். திருப்பினார். அட்டவணைக்குக் கீழே வெறும் அட்டை.

உறைக்குள் ஒரு சீட்டும் இருந்தது. ‘அன்புள்ள கிரெக், உன் கார்டு ரொம்ப அழுக்காகி, பின்னாலே கிறுக்கலாக இருந்தது. நல்ல பையனுக்கு நல்ல கார்டு வேண்டாமா? என்னிடம் புதுசாக இருந்த ஒன்றை எடுத்துப் போட்டிருக்கிறேன். பத்திரமாக வை. மட்டையை உயர்த்திப் பிடி. உன் லெஸ்.’

டுவைன் வண்ண டப்பாக்களுக்கு நடுவே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். உறையைக் குலுக்கினார், கிழித்துப் பிரித்து உள்பக்கத்தைப் பார்த்தார். அட்டைகளுக்கு நடுவே விரலை விட்டுத் துழாவினார். ஒரு கார்டு இருக்கிற இடத்தில் இரண்டு கார்டு இருக்குமா என்று எத்தனை தடவைதான் பார்ப்பது? ‘ஏன்டா கிழவா, ரெண்டு வரி கூட எழுதினா உன் மானம் போயிருக்குமா?’ என்று தன்னைத்தானே சத்தமாகத் திட்டிக்கொண்டார். சமையலறையிலிருந்து நோரீன் சூப் ஆறுகிறது என்று குரல் கொடுத்தாள்.

சாப்பிட உட்கார்ந்தார். கரண்டியால் சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

“மொகம் ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?” என்றாள் நோரீன். “தொப்பி போடாம ஓடுனா இப்படித்தான். எவன் கையெழுத்து போட்டான் இன்னிக்கு?”

“ஒருத்தனும் போடல.”

“போட்டா மட்டும் என்ன, சோறா போடப்போறான்,” என்று சொல்லிவிட்டு, அவருடைய கிண்ணத்தில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். சொல்ல வேண்டியதை அவர் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்ததை ரொட்டியோடு சேர்த்து விழுங்கினார்.

மறுநாள் காலை நோரீன் தேவாலயத்துப் பெண்களோடு போர்வை தைக்கப் போன பிறகு, இன்னொரு சட்டத்தையும் மீறினார். ஃபில்லிடம் கெஞ்சி வாங்கிய எண்ணுக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள். லெஸ் பாவ்லிக்கின் மனைவி மார்ஜ் என்றாள். டுவைன் ஊரையும் பெயரையும் சொல்லி, கார்டு விஷயத்தைச் சொல்லி, பழைய கார்டு திரும்ப வேண்டும் என்றார்.

“அதான் நல்லதா அனுப்பிச்சுட்டாரே. இருந்த நாலுல ஒண்ணை எடுத்து உங்களுக்குக் குடுத்தாரு. இன்னும் என்ன?”

“அம்மா, அந்தப் பென்சில் எழுத்து என் பையன் எழுதுனது. அவன் இப்ப இல்லீங்க. எறந்துட்டான்.”

அந்தப் பக்கம் காகிதங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“இந்த மாசத்துல செத்துப்போன மூணாவது பையன் உங்க பையன்,” என்றாள் மார்ஜ். குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புத்தான். “மொத ஆளுக்கு நான் அழுதேன். உக்காந்து அழுதேன். ரெண்டே நாள்ல அந்தக் கார்டு விலைக்கு வந்துச்சு. இங்க பாருங்க மிஸ்டர், உங்க கடுதாசி இங்கதான் இருக்கு. ரசிகன்னுதான் போட்டிருக்கு. செத்துட்டான்னு ஒரு வார்த்தை இல்ல. இன்னொரு கார்டு வேணும்னா நேரா கேளுங்களேன், எதுக்குப் புள்ளையச் சாகடிக்கிறீங்க?”

அவள் இடத்தில் இருந்தால் டுவைனும் இதையே, இதைவிடக் கடுமையாகவே சொல்லியிருப்பார். காதில் போனை வைத்தபடி சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். பின்னால் ஒரு ஆண்குரல், வார்த்தைகளை இழுத்து இழுத்து, யாரு யாரு என்று கேட்டது. “ஓஹியோ ஆளு. அந்தக் கிறுக்கல் கார்டு,” என்றாள் மார்ஜ். போன் கைமாறியது.

“கிரெக்கோட அப்பாவா!” என்றார் லெஸ் பாவ்லிக். நாக்கு ஒத்துழைக்கவில்லை, ஆனாலும் குரலில் அப்படி ஒரு குதூகலம். “கெடச்சுதா? மடங்காம வந்துச்சா?”

“வந்துச்சு சார். மடங்கல. அந்தப் பழைய கார்டு சார்... அது அங்க எங்கயாவது...”

“அதை ஏன் கேக்குறீங்க! மொதல்ல அதுலயே போடலாம்னுதான் பாத்தேன். கிறுக்கலா இருக்கே, பாவம் சின்னப் பையனாச்சேன்னு ரப்பரை வெச்சு அழிச்சேன். அரை மணி நேரம்! இந்தக் கையை வெச்சுக்கிட்டு! டாக்டர்கிட்டகூடச் சொன்னேன், நல்ல பயிற்சின்னாரு. பென்சில் சுத்தமாப் போயிருச்சு. ஆனா பழைய அட்டை பாருங்க, தோல் உரிஞ்சு பொத்தலாயிருச்சு. சீச்சீ, இதையா அனுப்புறதுன்னு குப்பையில போட்டுட்டு, என்னோடதுல ஒண்ணை எடுத்தேன். வருத்தப்பட்டானா பையன்?”

ஒரு துளி நம்பிக்கை எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்தது. குப்பை வண்டி இன்னும் வந்திருக்காது, விமானம் ஏறியாவது போய்விடலாம் என்றெல்லாம் இரவு முழுக்கப் படுத்தபடி கணக்குப் போட்டிருந்தார். அழித்தாயிற்று. கார்டே கிடைத்தாலும் அதில் கிரெக் இல்லை. அந்த ஆளைத் திட்டவாவது முடியுமா என்றால் அதுவும் முடியவில்லை. முடமான கையால் அரை மணி நேரம் உட்கார்ந்து, முகம் தெரியாத ஒரு பையனுக்காக மெனக்கெட்டிருக்கிறான். முப்பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் கிரெக்கின் கடிதத்துக்கு இதில் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கலாமே என்று நினைத்தபோது மட்டும் டுவைனுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

“வருத்தப்படல சார்,” என்றார்.

“எத்தனை வயசு?”

“ஒம்பது.”

“ஒம்பதா! எந்த எடத்துல நிக்கிறான்?”

“ரைட் ஃபீல்டு.”

“அட பாவமே, அங்க பந்தே வராதே! நாள் முழுக்கப் புல்லு புடுங்கிக்கிட்டு நிக்கணும்.” லெஸ் சிரித்தது இருமலாக மாறி அடங்கியது. “ஆனா அழிக்கிறப்போ படிச்சேன். நாலு ஹிட்டு, ஒரு ஹோம் ரன்னு. நெசமாவே அடிச்சானா, இல்ல சும்மா எழுதிக்கிட்டானா?”

டுவைன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பனி மூடிய வயலைத் தவிர ஒன்றுமில்லை.

“அடிச்சான் சார்,” என்றார். “நான் பாத்தேன். ஹோம் ரன்தான்.”

“அப்படிச் சொல்லுங்க!” என்றார் லெஸ்.

போனை வைத்த பிறகு டுவைன் கொட்டகைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்து அழுதார். நோரீன் வரும் நேரம் ஆனதும் முகத்தைக் கழுவினார்.

அதற்கப்புறம் நாட்கள் ஓடின. ஒவ்வொரு நாளும் காலையில் இன்று சொல்லிவிடுவது என்று எழுவார், மாலைக்குள் ஒரு சாக்கு கிடைத்துவிடும். அவளுக்கு முட்டிவலி, அவள் தங்கை வந்திருக்கிறாள், அவள் இன்று பாடிக்கொண்டே பாத்திரம் கழுவுகிறாள். ஒரு நாள் புதுக் கார்டையும் பென்சிலையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ‘ஜி’ என்று எழுத முனையை வைத்தவர், தன்மேலேயே அருவருப்பு வந்து பென்சிலை ஒடித்துப் போட்டார். மார்ச் பிறந்தது. நோரீன் நாள்காட்டியில் பதினான்காம் தேதியை எப்போதும்போல எதுவும் எழுதாமல் விட்டிருந்தாள். பத்தாம் தேதி இரவுச் சாப்பாட்டின்போது, “இந்தத் தடவ உன் நோட்டையும் எடுத்து வை, ஸ்கோரர். நானே பாத்துடறேன், எர்ரரா என்னன்னு,” என்றாள். அவளாகத் தேதிக்கு முன்னால் அதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் தலையை ஆட்டினார். அவள் கிண்டலாகத்தான் சொன்னாள், சந்தோஷமாகக்கூட இருந்தாள்.

பன்னிரண்டாம் தேதி மறுபடி பனி பெய்தது. தபால் வண்டி வந்தபோது டுவைன் நிலவறையில் கொதிகலனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. “நானே எடுத்துட்டு வரேன், நீ அதைப் பாரு!” என்று நோரீன் கத்தினாள். அவர் கைக்கருவியைப் போட்டுவிட்டு, படிகளில் முழங்காலை இழுத்துக்கொண்டு ஏறிச் சமையலறை ஜன்னலுக்கு வந்தார்.

வீட்டு அங்கிமேல் அவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு, அவருடைய பெரிய காலணிகளில் அவள் பெட்டியடியில் நின்றிருந்தாள். கையில் தடித்த பழுப்பு உறை. அவருடைய எழுத்து இல்லை. நடுங்கும் கை எழுதிய கோணல் எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம். ஜன்னலிலிருந்தே முதல் எழுத்து கிரெக்கின் ‘ஜி’ என்று தெரிந்தது. லெஸ் பாவ்லிக் பையனுக்கு இன்னும் ஏதோ அனுப்பியிருக்கிறான். டுவைன் ஜன்னலைத் தட்டக் கையைத் தூக்கினார். தட்டவில்லை.

சாலையில் போன பக்கத்து வீட்டுக்காரன் வண்டியை மெதுவாக்கிக் கையசைத்தான். அவள் நிமிரவில்லை. வலது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினாள். அது கீழே விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. கையிலிருந்த தபால் உறைமேல் விழுந்த பனியை உள்ளங்கையால் துடைத்தாள். இன்னும் கொஞ்சம் விழுந்தது, அதையும் துடைத்தாள். பிறகு ஒரு விரலைப் பெயரின் முதல் எழுத்தில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாக நகர்த்திக்கொண்டு போனாள்.